துணி வெட்டும் மேசையைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்: திருகோணமலையில் ஆடை பிராண்ட் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் சொந்தமாக ஆடை பிராண்ட் தொடங்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வரும் பயணிகளுக்கு மெல்லிய சேட், பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை, கோயில் திருவிழாவுக்கு ஒரே நிறத்தில் ரீசேட் என்று ஆளுக்கொரு யோசனை. பெயர் தயார், லோகோ தயார், டிசைன் போனில் இருக்கிறது. தைத்துத் தர நம்பிக்கையான ஆள்தான் இல்லை. பேஸ்புக்கில் தேடினால் “எங்களுடையது சொந்த காமென்ட்ஸ் தொழிற்சாலை” என்று சொல்பவர்கள் வரிசையாக வருவார்கள். வரிசையாய் நிற்கும் மெஷின்களின் படமும் அனுப்புவார்கள். அந்தப் படம் யாருடைய கட்டடத்தில் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த செய்தியிலேயே முற்பணம் கேட்பார்கள்.

இப்படி முற்பணம் போட்டு ஏமாந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உற்பத்தியாளர் என்று சொல்லும் ஒருவரைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் துணியை யார் வெட்டப்போகிறார், எந்த இடத்தில் வெட்டப்போகிறார்? இதற்கு நேரான பதில் கிடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. கிடைக்காவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

தேடப் போவதற்கு முன்

முதலில் ஒரே ஒரு உடையைத் தெரிவு செய்யுங்கள். ரீசேட்டும் வேண்டும், கவுணும் வேண்டும், சேட்டும் வேண்டும் என்று போனால் எந்த உற்பத்தியாளரும் உங்களைப் பெரிதாக எடுக்கமாட்டார். ரீசேட் தைக்கும் இடமும் கொலர் வைத்த சேட் தைக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. மெஷின்களும் வேறு.

அந்த உடைக்கு ஒரு பக்கத்தில் விவரத்தாள் எழுதுங்கள். துணி என்ன, பாரம் எவ்வளவு, நிறம், அளவுகள், எந்த அளவில் எத்தனை, பிரிண்ட் எங்கே, லேபல் எங்கே, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அளவு எழுதும்போது எங்கே வைத்து அளந்தது என்பதையும் எழுதுங்கள். நெஞ்சளவு என்றால் அக்குளிலிருந்து ஒரு அங்குலம் கீழே, உடுப்பைத் தட்டையாக விரித்து ஓரத்திலிருந்து ஓரம் வரை. நீளம் என்றால் கழுத்தை ஒட்டிய தோள் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை. நீங்கள் ஒரு விதமாகவும் அவர் ஒரு விதமாகவும் அளந்தால் பிறகு சண்டைதான் மிஞ்சும். உங்களுக்குப் பிடித்த பொருத்தத்தில் ஒரு உடுப்பு வீட்டில் இருந்தால் அதையும் மாதிரிக்கு எடுத்துப் போங்கள்.

துணியின் பாரத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதே அது. நல்ல ரீசேட் துணி 160 முதல் 180 வரை இருக்கும். 140க்குக் கீழே போனால் வெயிலில் உள்ளே போட்டது தெரியும். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். துணியில் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைச் சரியாக வெட்டி, தெரிந்த நகைக்கடை ஒன்றுக்குப் போய் அவர்களுடைய தராசில் வைத்துத் தரச் சொல்லுங்கள். 1.8 கிராம் காட்டினால் அது 180 ஜிஎஸ்எம். நகைத் தராசு துல்லியமானது, கடைக்காரரும் மறுக்கமாட்டார். “180 துணி” என்று விற்கப்படுவது 150 காட்டுவது அபூர்வம் இல்லை.

நூறு வீதம் கொட்டன் என்று சொன்னால் ஓரத்து நூலைக் கொஞ்சம் இழுத்து நெருப்புக் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, கையில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாக முடியும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். கலப்புத் துணி என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

கழுவிப் பார்ப்பது இதைவிட முக்கியம். துணியில் 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்து, மூன்று தரம் கழுவிக் காய வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 47.5க்குக் குறைந்தால் சுருக்கம் 5 வீதத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், அந்தத் துணி வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். கடும் நிறங்கள், முக்கியமாகக் கறுப்பும் சிவப்பும், இந்தச் சோதனையில் தோற்றால் உங்கள் வாடிக்கையாளரின் வெள்ளை வேட்டியில் அது ஒருநாள் தெரியவரும்.

யாரிடம் போவது

இலங்கையில் ஆடைத் தொழில் என்றதும் எல்லோருக்கும் மாஸ், பிராண்டிக்ஸ், ஹிர்தராமணி என்ற பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்றுமதித் தொழில் அது. 1992இல் அரசு 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைத் தொடங்கி கிராமப்புறங்களுக்கும் அதைக் கொண்டுபோனது. ஆனால் அந்தப் பெரிய இடங்கள் உங்களுக்கானவை அல்ல. ஒரே டிசைனில் ஆயிரக்கணக்கில் எடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக அமைக்கப்பட்டவை அவை. வரிவிலக்கில் இறக்கிய துணியை உள்ளூரில் விற்கவும் அவர்களுக்குத் தடைகள் உண்டு. ஆகவே “அந்தப் பெரிய கம்பனிக்குள் எனக்கு ஆள் இருக்கிறது, உங்கள் 200 சேட்டை அங்கே தைத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது பத்து முதல் நாற்பது மெஷின் வரை வைத்து வேலை செய்யும் சிறிய தையல் இடங்களை. பெரிய தொழிற்சாலைகளில் வருடக்கணக்கில் வேலை செய்து அனுபவம் பெற்றவர்கள் நடத்தும் இடங்கள் இவற்றில் நிறைய. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் லைனில் இருந்து தைத்துவிட்டுக் கல்யாணம், பிள்ளை என்று ஊருக்குத் திரும்பிய பெண்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைவேலையின் தரம் தெரிந்தால் கொழும்புக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்குக் குறையும்.

இடைத்தரகர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. “நான் தைப்பதில்லை, தைக்கிற இடத்தில் கொடுத்து வாங்கித் தருகிறேன், எனக்கு இவ்வளவு” என்று நேராகச் சொல்பவரோடு வேலை செய்யலாம். சொந்தத் தொழிற்சாலை என்று பொய் சொல்லும் தரகரோடுதான் வேலை செய்ய முடியாது.

எங்கே தேடுவது

இணையத்தை விட ஊரில் விசாரிப்பதுதான் பலன் தரும். அதிலும் யாரிடம் விசாரிக்கிறீர்கள் என்பது முக்கியம். என் கணக்கில் முதலாவது ஆள் தையல் மெஷின் திருத்தும் மெக்கானிக். எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் பின்னால் எத்தனை ஜுகி மெஷின் ஓடுகிறது, எது மூன்று மாதமாக மூடிக் கிடக்கிறது, யார் கூலியை இழுத்தடிப்பவர் எல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்தது நூல், பட்டன், லாஸ்டிக் விற்கும் கடை. கோன் நூலைப் பெட்டி பெட்டியாக யார் வாங்குகிறார் என்று கேளுங்கள். பெட்டியாக வாங்குபவர் உண்மையாகவே தைக்கிறார். மூன்றாவது ரீசேட்டில் பிரிண்ட் அடிக்கும் இடம். தைத்த உடுப்புகள் அவர்கள் கையால் போவதால் யாருடைய தையல் நேராக இருக்கும், யாருடையது கோணும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அரச பக்கத்தில், மாவட்ட செயலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் சிறு தொழில் முயற்சிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். உதவி பெற்ற தையல் குழுக்களின் விவரம் அவர்களிடம் கிடைக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் தையல் பயிற்சி ஆசிரியர்களைப் பிடித்தால் அவர்களுடைய பழைய மாணவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று சொல்வார்கள். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிந்தவர்களின் விவரமும் பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் பெரிய அளவில் செய்பவர்களுக்கு.

துணி வாங்கப் புறக்கோட்டைக்கும், மொத்த ஆடை வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மஹரகமவுக்குப் பக்கத்தில் பமுணுவவுக்கும் ஒரு தரம் போய்வாருங்கள். அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் விற்கும் உடுப்பை எங்கே தைக்கக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்லமாட்டார்கள், சிலர் சொல்வார்கள். கைத்தறி உங்கள் எண்ணத்தில் இருந்தால் கொழும்புப் பக்கம் போகவே வேண்டாம். நம் கிழக்கிலேயே மருதமுனை இருக்கிறது. சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன அந்த நெசவை நிலாவெளிக்கு வரும் பயணிகளுக்கான உடுப்பாக மாற்ற முடியும் என்று நான் முழுமையாக நம்புகிறேன். அங்கே தறி முன்னாலேயே நின்று நெய்பவரோடு பேசலாம், இடையில் யாரும் வேண்டாம்.

போனில் முதல் பேச்சு

பெயர்கள் கிடைத்ததும் போன் எடுங்கள். எத்தனை மெஷின், என்னென்ன மெஷின், குறைந்தது எத்தனை உடுப்பு எடுப்பீர்கள், வெட்டுவது அங்கேயா என்று கேளுங்கள். கடைசியில் சாதாரணமாக “வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறேன், வேலை நடக்கும்போது வந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். உண்மையான இடம் என்றால் பெரும்பாலும் வரச் சொல்வார்கள். “வெளியாட்களை விடுவதில்லை, சாம்பிளைக் கடையில் வந்து பாருங்கள்” என்ற பதில் வந்தால் அடுத்த இலக்கத்துக்குப் போகலாம்.

நேரில் போய்ப் பார்ப்பது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வேலை நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். முடிந்தால் சொன்ன நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள்.

உள்ளே போனதும் வெட்டும் மேசையைத் தேடுங்கள். நீளமான, உயரமான மேசை. அதன் மேல் துணி பல அடுக்காக விரித்திருக்கும், அல்லது விரித்து வெட்டிய தடயமாவது இருக்கும்: சோக்குக் கோடு, துண்டுத் துணி, வட்டக் கத்தியோ நேர்க் கத்தியோ வைத்த வெட்டும் மெஷின். வெட்டிய துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஒவ்வொன்றிலும் சின்ன இலக்கச் சீட்டு ஒட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள். ஒரே அடுக்கின் முன்பக்கமும் கையும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதற்காக ஒட்டுவது அது. அது இல்லாத இடத்தில் உடம்பு ஒரு நீலமும் கை இன்னொரு நீலமுமாக உடுப்பு வரும். மேசையே இல்லை, “வெட்டி வரும்” என்றால் உங்கள் துணி வேறு எங்கேயோ போகிறது. எங்கே என்று கேட்டு அந்த இடத்தையும் போய்ப் பாருங்கள்.

மேசைப் பக்கத்தில் நிற்கும் கட்டிங் மாஸ்டரிடம் ஒரு கேள்வி: “ரீசேட் துணியை ரோலிலிருந்து எடுத்ததும் வெட்டுவீர்களா?” வேலை தெரிந்தவர் சிரித்துக்கொண்டே இல்லை என்பார். பின்னல் துணி ரோலில் இழுபட்டு இருக்கும். அதை அவிழ்த்து ஒரு நாளாவது தளர விட்டுத்தான் வெட்ட வேண்டும். உடனே வெட்டினால் தைத்த பிறகு தானாகவே சுருங்கும். நீங்கள் எல் என்று விற்றது எம் ஆகிவிடும்.

பிறகு மெஷின்களைப் பாருங்கள். ரீசேட்டின் துண்டுகளை ஓரம் பிரியாமல் சேர்த்துத் தைக்க ஓவர்லொக் வேண்டும், கீழ் மடிப்பும் கை மடிப்பும் அடிக்க பிளட்லொக் வேண்டும், சாதாரண ஒற்றை ஊசி மெஷினும் வேண்டும். பிளட்லொக் இல்லாமல் ரீசேட் தைக்கிறோம் என்பவர் மடிப்பு வேலையை வெளியே கொடுக்கிறார். சேட் என்றால் பட்டன் துளை அடிக்கும் மெஷினும் கொலருக்குள் கன்வஸ் ஒட்டும் சூட்டு அழுத்தியும் இருக்கிறதா என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய கொலர் இரண்டு மூன்று கழுவலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

தைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம் இதற்கு என்ன ஊசி போடுவீர்கள் என்று கேளுங்கள். பின்னல் துணிக்கு நுனி மழுங்கிய போல்பொயின்ற் ஊசி. கூர் ஊசி போட்டால் தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும், கழுவக் கழுவப் பெரிதாகும். ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். ஏற்றுமதித் தொழிற்சாலையில் பழகியவர்கள் உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கொப்பியில் ஒட்டி வைப்பார்கள். பிள்ளைகளின் உடுப்பு செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் ஓடர் கொடுக்க வேண்டாம். குழந்தையின் கழுத்தில் ஊசி முனை குத்தினால் பிராண்ட் இருந்தும் பயனில்லை.

தேநீர் நேரத்தில் வேலை செய்பவர்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

“அக்கா, இங்கே எத்தனை வருசமா?”

“நாலு வருசம், தம்பி.”

“சம்பளம் எப்ப தருவாங்க?”

“பத்தாம் திகதி வந்தா கைக்கு வந்திரும்.”

திகதியை யோசிக்காமல் சொன்னால் நல்லது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அங்கே கூலி பிந்துகிறது. கூலி பிந்தும் இடத்தில் ஆட்கள் நிற்கமாட்டார்கள், உங்கள் ஓடர் பாதியில் நிற்கும். ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றும் முதலாளியிடம் கேளுங்கள். ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இதை ஒழுங்காகக் கட்டும் இடத்தின் தையல் கூலி கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதலைக் கொடுங்கள். நம் ஊர்ப் பெண்களின் உழைப்பை அடித்துப் பிடித்து மலிவாக்கி ஒரு பிராண்ட் வளர்வதை நான் விரும்பவில்லை.

காகிதங்கள்

இதை அதிகம் இழுக்கத் தேவையில்லை. தனியாள் அல்லது கூட்டு வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி கேளுங்கள், பதிந்த அலுவலகத்தில் சரிபார்க்கலாம். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். 18 வீத வற் சேர்த்துப் பில் தருபவரிடம் வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கின் பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். “கம்பனிக் கணக்கில் பிரச்சினை, மச்சானுடைய கணக்குக்குப் போடுங்கள்” என்று கேட்டால் ஒரு ரூபாவும் போடாதீர்கள்.

உங்கள் பிராண்டின் பெயரை வியாபாரப் பெயராகப் பதிந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வியாபாரச் சின்னத்தைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி அது 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். லேபல் ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன் விண்ணப்பத்தையாவது போட்டுவிடுங்கள்.

சாம்பிள்

சாம்பிளுக்குக் காசு கேட்டால் கோபிக்காதீர்கள். ஒரு சாம்பிளுக்கு பட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான கடதாசி வடிவம், வரைந்து, தனியாக வெட்டி, லைனை நிறுத்தித் தைக்க வேண்டும், அதனால் ஒரு உடுப்பின் விலையை விடக் கூடத்தான் வரும். இலவசமாக மறுநாளே சாம்பிள் தருபவரைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய உடுப்பின் லேபலை வெட்டிவிட்டுத் தருவதும் நடக்கிறது. கழுத்தின் உட்பக்கத்தையும் பக்கத் தையலையும் திருப்பிப் பாருங்கள், லேபல் இருந்த இடத்தில் நூல் பிசிறு தெரியும்.

இன்னொரு தந்திரம், சாம்பிளை ஊரிலேயே கெட்டிக்காரத் தையல்காரர் ஒருவரிடம் தைத்து வாங்கிக் காட்டிவிட்டு, ஓடரை வேறு எங்காவது மலிவாகக் கொடுப்பது. இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒரே ஒரு சாம்பிளோடு நிற்காமல் எஸ், எம், எல், எக்ஸ்எல் நான்கு அளவிலும் கேளுங்கள். அளவை ஏற்றி இறக்கி பட்டர்ன் போடத் தெரியாத இடம் அங்கே மாட்டிக்கொள்ளும். எக்ஸ்எல்லில் கழுத்து தொங்கும் அல்லது எஸ்ஸில் கை இறுகும்.

வந்த சாம்பிளில் ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 10 முதல் 12 நல்லது. ஏழு எட்டு என்றால் நேரம் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். பக்கத் தையலை இரு கையால் இழுத்துப் பாருங்கள், நூல் அறுந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறகு கழுவுங்கள், உடுத்துங்கள், நம் ஊர் மத்தியான வெயிலில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள்.

திருப்தியான சாம்பிளில் இரண்டு எடுத்து இரண்டிலும் நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தர்க்கமெல்லாம் அந்த உடுப்பைப் பார்த்துத்தான் தீரும்.

துணியை நீங்களே வாங்குங்கள்

புதியவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது. துணி, நூல், லேபல் எல்லாம் அவரே போட்டு முழு உடுப்பாகத் தருவது ஒரு முறை. துணி உங்களுடையது, வெட்டித் தைக்கும் கூலி மட்டும் அவருக்கு என்பது மற்ற முறை. முதல் ஓடருக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. ஒரு உடுப்பின் செலவில் பெரும்பாலும் பாதிக்கு மேல் துணிதான். அந்தக் காசு உங்கள் கையை விட்டுப் போகாமல் துணியாகவே இருக்கும்.

இதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். 180 ஜிஎஸ்எம் துணியில் பெரியவர்களுக்கான எல் அளவு ரீசேட் ஒன்றுக்கு, வெட்டுக் கழிவோடு சேர்த்து, ஏறக்குறைய 230 கிராம் போகும். ஒரு கிலோவில் நாலு ரீசேட் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 200 ரீசேட்டுக்கு 50 கிலோ. நீங்கள் 50 கிலோ கொடுத்து 165 வந்தால் கழிவுத் துண்டுகளைச் சாக்கில் போட்டு நிறுத்துக் காட்டச் சொல்லலாம். துணி வாங்கும்போது ஒரே சாய லொட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதில், முழுவதையும் வாங்குங்கள். அடுத்த வாரம் போய் வாங்கும் கறுப்பு இதே கறுப்பாக இருக்காது.

ஒப்பந்தமும் கொடுப்பனவும்

ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். கையெழுத்திட்ட சாம்பிளின்படி தைப்பது, அளவு வாரியாக எண்ணிக்கை, ஒப்படைக்கும் திகதி, பிந்தினால் என்ன, பழுதான உடுப்புக்கு யார் பொறுப்பு, மிச்சத் துணி யாருக்கு, கூலி எவ்வளவு. இரண்டு விஷயம் பலர் விட்டுவிடுவது. ஒன்று, உங்களுக்குச் சொல்லாமல் வேலையை வேறு இடத்துக்குக் கொடுக்கக்கூடாது என்ற வரி. மற்றது, பட்டர்னுக்கு நீங்கள் காசு கொடுத்தால் பட்டர்ன் உங்களுக்கே சொந்தம், பிரதி ஒன்று உங்களிடம் இருக்கும் என்ற வரி. பட்டர்ன் கையில் இல்லாதவர் அடுத்த முறை வேறு இடம் போக நினைத்தாலும் போக முடியாது.

கொடுப்பனவு மூன்று தடவையாக இருக்கட்டும். தொடங்கும்போது கூலியில் மூன்றில் ஒரு பங்கு, வெட்டி முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்தது, உடுப்பைப் பரிசோதித்து எடுக்கும்போது மிச்சம். ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வட்சப்பில் பேசியவற்றை அழிக்காமல் வையுங்கள். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

முதல் ஓடர்

100 முதல் 200 உடுப்புக்கு மேல் போகாதீர்கள், ஒரே நிறம் அல்லது இரண்டு. வெட்டும் நாளில் கட்டாயம் அங்கே இருங்கள். கொழும்பில் வெட்டுகிறார்கள் என்றால் இரவு ரயிலைப் பிடித்துப் போயாவது இருங்கள். வெட்டிய துண்டுகளை எண்ணிப் பார்த்துப் படம் எடுங்கள். தையல் தொடங்கியதும் முதலில் முடியும் சில உடுப்புகளை எடுத்துச் சாம்பிளோடு வைத்து அளந்து பாருங்கள். பிழை இருந்தால் அந்த நேரத்தில் திருத்தலாம், எல்லாம் முடிந்த பிறகு முடியாது.

முடிந்ததும் பரிசோதனை. ஏற்றுமதியில் ஏகியூஎல் 2.5 என்ற முறையை வைத்திருக்கிறார்கள், ஒரு தொகுதியில் எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் அளவுகோல் அது. 151 முதல் 280 வரையான தொகுதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 32 உடுப்பு எடுப்பார்கள். பெரிய பழுது உள்ளவை இரண்டு வரை இருந்தால் ஏற்பார்கள், மூன்று வந்தால் முழுத் தொகுதியும் திரும்பும். 281 முதல் 500 வரை என்றால் 50 எடுத்து, மூன்று வரை ஏற்று, நான்கில் திருப்புவார்கள். உங்கள் முதல் 200ஐ நீங்கள் ஒன்றும் விடாமல் பார்த்துவிடலாம். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், நிற வித்தியாசம், அளவில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் மாற்றம், இவை பெரிய பழுது. வெட்டாத நூல் சின்னப் பழுது, கத்தரிக்கோலோடு உட்கார்ந்தால் தீரும். பொலித்தீன் உறையில் போட்டுப் பெட்டியில் ஒட்டிய பிறகு பார்க்க வருவதாக ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது கொடுப்பது

தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, இந்தக் காலங்களுக்கு முன் எல்லாத் தையல் இடமும் நிரம்பியிருக்கும். புதிய ஆளின் சின்ன ஓடரைத்தான் கடைசிக்குத் தள்ளுவார்கள். கொழும்புப் பக்கத்து இடங்கள் ஏப்ரலில் புத்தாண்டுக்கு மூடினால் ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி வேலை சூடு பிடிக்க நாளாகும். நிலாவெளிக் கடற்கரையில் பயணிகள் கூடும் காலம் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. ஆகவே அந்தச் சீசனுக்கான உடுப்பு பங்குனி தொடங்க முன்னரே உங்கள் கையில் இருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் சாம்பிள் வேலை நவம்பரிலாவது தொடங்க வேண்டும். நவம்பர், டிசம்பர் நம் பக்கம் மாரி. ஈரக் காற்றில் துணியைத் தரையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பலகை போட்டு, சுவரிலிருந்து தள்ளி, உறையைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

முதல் தொகுதி நன்றாக வந்தால் அடுத்ததை ஒரேயடியாக ஆயிரமாக்காமல் இரட்டிப்பாக்குங்கள். புதுத் துணி வந்ததும் சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசில் வைப்பதையும் கழுவிப் பார்ப்பதையும் மறுபடி செய்யுங்கள். முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டாவது தையல் இடம் ஒன்றைத் தேடிச் சின்ன ஓடர் ஒன்று கொடுத்துப் பழக்கி வையுங்கள். முதல் இடத்தில் மெஷின் பழுதாகலாம், ஆட்கள் குறையலாம், பெரிய ஓடர் ஒன்று வந்து உங்களுடையது பிந்தலாம். அப்படி ஒரு நாள் வந்தால் பட்டர்னையும் கையெழுத்திட்ட சாம்பிளையும் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.